0.4-இல் நின்ற முள்

பாய்லரில் புது பிரஷர் கேஜ் மாட்டிய அன்று முதலாளியும் நானும் கைகலக்காத குறை. ஒரத்தநாடு பக்கம் அவருடைய அரிசி ஆலையில் நான் பாய்லர் ஆபரேட்டர். தொட்டியில் நெல் ஊறி, அவிக்கத் தயாராக இருந்தது. மதியத்துக்குள் ஆவி விடாவிட்டால் புளித்து நாறும். அந்த அரிசியை எவனும் வாங்க மாட்டான்.

எங்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். நாலு கிலோ பிரஷர் வந்தால் ஆவி வால்வைத் திற. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை. கிலோ, அவ்வளவுதான். பழைய கேஜ் பழுதானதால் முதலாளி தஞ்சாவூரில் கிடைத்ததை வாங்கி வந்திருந்தார். அதில் முள் 0.4-இல் போய் நின்றது.

"அரை கிலோகூட ஏறலய்யா. உமியத் தள்ளு."

சின்னக் குழாயைத் திறந்து பார்த்தேன். ஆவி காது கிழியச் சீறியது. அரை கிலோவுக்கு இப்படிச் சீறாது. அடுப்பில் இனி ஒரு கூடை உமிகூடப் போட மாட்டேன், பாய்லர் வெடிக்கும் என்றேன். ஆலை உன்னுதா என்னுதா என்று கத்தினார். மறுநாள் அவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாளைக்கு ஒங்களுக்கு அறுபதாம் கல்யாணமாங்க, கருமாதியாங்க? முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அவரைச் சாமி கும்பிடக் கூப்பிட வந்த அவர் மனைவி காதில் இது விழுந்தது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். கையில் குங்குமத் தட்டு. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஜுக்கு நேரே போய் நின்றார்.

"இதுல எங்கங்க கிலோன்னு இருக்கு? மெகா பாஸ்கல்னு போட்டிருக்கு. ஒரு மெகா பாஸ்கல்னா ஒங்க கணக்குல பத்து கிலோ. பாயிண்ட் நாலுன்னா நாலு கிலோ, வந்தாச்சு. நாளைக்கு எனக்கு ரெண்டாவது தாலி கட்டணும். இருக்கறதையும் அறுத்துப்புடாதீங்க."

முதலில் சிரித்தது முதலாளிதான். வயிறு குலுங்கச் சிரித்தார். நான் வால்வைத் திறந்தேன். ஆவி தொட்டிக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நெல் வாய் பிளந்து, ஆலை முழுக்க அவித்த நெல்லின் வாசம். டீச்சர் கேஜ் கண்ணாடியில் 0.4 கோட்டின் மேலேயே குங்குமத்தால் பொட்டு வைத்தார். முள் அதைத் தாண்டினால் உமியை நிறுத்தணும் என்று உத்தரவு போட்டுவிட்டு முதலாளியை இழுத்துக்கொண்டு போனார்.

வேலைக்கு வருகிறவர்கள் இதை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு மெகா பாஸ்கல், 'பார்' என்ற அளவில் பத்து. கிலோவில் பத்துக்குச் சற்று மேல். ஒரு கிலோ என்றால், பவுண்டுக் கணக்கான பி.எஸ்.ஐ-யில் பதினாலுக்குச் சற்று மேல். கேஜ் அன்று பொய் சொல்லவில்லை. எங்கள் ரெண்டு பேருக்கும்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. முதலில் யூனிட்டைப் படி, பிறகு முள்ளைப் பார். படிக்காமல் உமி தள்ளச் சொல்கிறவன் முதலாளியாக இருந்தாலும் முடியாது என்று சொல்.