கோயில் மணிக்கு மடங்கிய முழங்கை

வேலையில் சேர்ந்த முதல் வாரம். கையில் கோனியோமீட்டர். பள்ளிக்கூடக் கோணமானிக்கு இரண்டு கை முளைத்தது போலிருக்கும். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் கருவி. உடம்பில் அம்மா நீலம் போட்டு வெளுத்துத் தந்த வெள்ளைக் கோட்டு. ஆறுமுகநேரியில் உப்பு வாரும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிசியோதெரபிஸ்ட் என்ற சொல் அம்மாவின் வாயில் நுழையவில்லை. "எம் மவ கைகால் டாக்டரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து வரும் எலும்பு டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு பிலோமினான்னு ஒரு பேஷண்ட் வருவாங்க. முடக்குவாதம். அஞ்சு வருஷம் முன்னாடி வலது முழங்கைக்கு ஜாயிண்ட் ரீப்ளேஸ்மெண்ட் பண்ணினேன். கதவுக் கீல் மாதிரி மெட்டல் மூட்டு, எலும்புக்குள்ள சிமெண்ட் வச்சுப் பொருத்தினது. இப்ப இடது கையும் மடங்கல. வலது கை லூஸ் ஆகாம இருந்தாத்தான் இடதைத் தொடுவேன். நீ அளந்து சொல்லு."

மாற்று மூட்டைப் புத்தகத்தில் கோட்டுப் படமாகத்தான் பார்த்திருந்தேன். வைத்த உடனே மடங்குவது பெரிதில்லை, வருஷங்கள் கழித்தும் மடங்குகிறதா என்பதுதான் கேள்வி என்று எங்கள் வாத்தியார் சொல்வார். அந்தக் கேள்விக்குப் பதில் இதோ நடந்து வரப்போகிறது!

பிலோமியக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கூடவே கணவர் மிக்கேல், தோணித் துறையில் வேலை பார்ப்பவர்.

"இடது கை சரியானா முதல்ல என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"எங் கொண்டைய நானே முடியணும் பிள்ளே. ஒத்தக் கையால முடியுமா? இத்தன வருஷமா இவருதான் போடுதாரு. அது கொண்டையா? தோணியக் கட்டுத முடிச்சு! அவுக்கணும்னா அருவாதான் வேணும்."

"ஏளா, என்னைக்காவது காத்துல அவுந்துச்சா? அதச் சொல்லு" என்றார் மிக்கேல்.

சிரித்துக்கொண்டே நான் கருவியை எடுத்து அருகில் போனேன். அக்காவின் சிரிப்பு நின்றது. வலது கை விறைத்தது. தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டார். டாக்டர் வந்து தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டரையா. மாதா சத்தியமா இல்ல."

நெற்றி முழுக்க வியர்வை. எக்ஸ்ரேயில் எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது.

"கோடு மட்டும்னா பொறுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டர் என்னிடம். "வலியும் சேர்ந்தா லூஸ் ஆகுதுன்னு அர்த்தம். வெளிநாட்டுலயும் இந்தக் கீல் மூட்டு நிறைய லூஸ் ஆகுது. அந்தம்மா வலியை மறைக்கிறாங்க. இடது கைக்கு ஆபரேஷன் வேண்டாம்."

வராந்தா பெஞ்சில் அக்கா அழுதுகொண்டிருந்தார். "அழாதளா, சாவுத வரைக்கும் நாம் போட்டு விடுதேன்" என்று மிக்கேல் சொல்லச் சொல்ல அழுகை கூடியது.

அப்போது பன்னிரண்டு மணி. மாதா கோயில் மணி அடித்தது. வராந்தாவில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அக்காவும் எழுந்தார். வலது கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு இறங்கியது, இடது தோளைத் தொட்டது, பிறகு வலது தோளைத் தொட்டது.

எங்கள் வீட்டில் சிலுவை போடும் வழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ, என் கண்ணுக்கு ஜெபம் தெரியவில்லை, முழங்கை தெரிந்தது. வலது கை விரல் வலது தோளையே தொட வேண்டுமானால் மூட்டு நூற்றுமுப்பது டிகிரியாவது மடங்க வேண்டும். மடங்கியது! முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

ஓடினேன்.

"டாக்டர், உடனே வாங்க, ஜெபம் முடியறதுக்குள்ள!"

"யாருக்கு என்ன ஆச்சு?"

"நல்லதுதான் டாக்டர், வாங்க!"

மூன்று வேளையும் கோயில் மணி அடித்ததும் சொல்லும் திரிகால ஜெபம் முடியும்போது மறுபடியும் சிலுவை போடுவார்கள் என்பதை அந்த ஒரு வாரத்தில் வார்டில் கவனித்திருந்தேன். தூணருகே நின்றோம். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே..." நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கடைசியில் விரல் நுனிக்கு ஒரு முத்தம்.

"இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார் டாக்டர்.

அக்கா திடுக்கிட்டுக் கையைத் தூக்கினார். பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "கோயில் மணி கேட்டா மடங்குது, நான் கேட்டா மாட்டேங்குதே!"

"கோவிக்காதிய ஐயா. அன்னைக்கு பிளாஸ்டர் எடுத்த உடனே ஒருத்தர் பிடிச்சு மடக்குனாரு பாருங்க, உசுரு போயிட்டு. அதுலருந்து வெள்ளக் கோட்டக் கண்டாலே கை மரமாயிருது."

அடுத்த மாதம் டாக்டர் மதுரையிலிருந்து பழைய எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டார். கோடு அன்றிருந்த அளவேதான், வளரவில்லை. மூட்டு உறுதியாக இருந்தது. அதற்கு ஒரு காரணமும் பேச்சோடு பேச்சாக வெளிவந்தது. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தெருக் குழாயில் பெண்களோடு வரிசையில் நின்று தண்ணீர் எடுத்தவர் மிக்கேல்தான். "'ஏலே, சேலையும் கட்டிட்டு வால'ம்பானுவ. போங்கலேன்னுட்டு குடத்தத் தூக்கிருவேன்" என்றார்.

இடது கைக்கும் மூட்டு வைத்தார்கள். பயிற்சி கொடுக்கப் போகும்போது நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். படித்துச் சம்பாதித்த கோட்டுதான். இன்றும் அதைப் போடும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். முதலில் கருவியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கை தன் போக்கில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அளப்பது அப்புறம்.

சில மாதம் கழித்து அக்கா வந்தார். வாசலிலேயே நின்று, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், கொண்டையை அவிழ்த்து, உதறி, திரும்ப முடிந்து காட்டினார். நான் கை தட்டியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. கோனியோமீட்டர் மேசையிலேயே கிடந்தது.

மிக்கேல் சுற்றி வந்து பார்த்தார். "சரிஞ்சிருக்கு. கடல்காத்துக்கு நிக்காது."

"நிக்கும், நிக்கும்" என்றார் அக்கா. "கொண்டதான் எனக்கு. கொடம் இன்னும் உமக்குத்தான்."