கல்யாண நாளும் நாலு பெரிய ஹோட்டலும்

பெரிய ஹோட்டல்ல சாப்பிடுறதும் ஒரு தொழில்தாங்க. நெளிவுசுளிவு தெரியாதவன் அங்க உக்காந்து எழும்பிட்டு, வீட்டுக்கு வந்துதான் சாப்பிடணும். வெள்ளைத் துணி விரிச்ச மேசையில என்னைப் போலவே பட்டினி கிடந்த சொந்தங்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

நான் ஹட்டன்ல ஸ்கூல் வேன் ஓட்டுறேன். என் வீட்டுக்காரி புஷ்பராணி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும், அவங்க விட்டுட்டுப் போற சின்னதுகளுக்கெல்லாம் ஆக்கி, ஊட்டி, தூங்க வைக்கிற வேலை. அதை முடிச்சுட்டு வந்தா வீட்டுல எங்களுக்கு ஆக்கணும். நாலு வருஷத்துக்கு முந்தி மகன் கொழும்புல வேலைக்குச் சேர்ந்து, மொதச் சம்பளத்துல அம்மாவுக்கு என்ன வேணும்னு கேட்டான். அவ சீலை கேப்பானு நான் நினைச்சேன். "எனக்கு ஒண்ணும் வேணாம்டா. யாரோ ஆக்கி, யாரோ போட, நான் உக்காந்த இடத்துல ஒரு நேரமாவது வயிறு நிறைய சாப்பிடணும்"னு சொல்லிட்டா. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. இருபத்தஞ்சு வருஷமா கூடவே குடும்பம் நடத்துற எனக்கு இது தோணவே இல்லையே! அந்த வருஷத்துல இருந்து எங்க கல்யாண நாளுக்கு மகன் ஃபோன்லயே ஒரு பெரிய ஹோட்டல்ல மேசை பிடிச்சுக் குடுத்துருவான். வெள்ளைக்காரத் துரைமாரு இருந்த பங்களாவெல்லாம் இப்ப ஹோட்டலாத்தானே கிடக்கு.

பறிபோன இறால்

மொத வருஷம் நுவரெலியா. பங்களாவுக்குள்ள கணப்பு எரியுது, நடுவுல எங்க ரெண்டு பேருக்கும் மேசை. புஷ்பராணி தட்டுல மூணு இறால் வந்துச்சு. அவ சின்னது ரெண்டையும் தின்னுட்டு, பெரிய இறாலை ஓரமா ஒதுக்கி வச்சா. நம்ம வீட்டுல யாருதான் நல்ல துண்டை மொதல்ல திம்பாங்க? ஆசையைக் கடைசிக்கு வச்சுத்தானே திம்போம். கரண்டியையும் கத்தியையும் பக்கத்துல பக்கத்துல அழகா வச்சுட்டு, தண்ணி குடிக்கிறதுக்குத் திரும்புனா. திரும்பிப் பார்த்தா தட்டு இல்லை.

நான் விடுவேனா? எழும்பி அந்த வெயிட்டர் பின்னாலயே ஓடி, சமையக்கட்டு வாசல்ல மறிச்சுட்டேன். "சேர், கரண்டியும் கத்தியும் சேர்ந்து இருந்தா சாப்பாடு முடிஞ்சதுனு அர்த்தம்"னு அவரு பாடம் எடுக்குறாரு. "இறால் முழுசா இருந்தா முடியலைனு அர்த்தம் தம்பி"னு நான் திருப்பி எடுத்தேன். பெரிய சமையக்காரர் சத்தங்கேட்டு வந்து சிரிச்சுட்டு, புதுத் தட்டுல ரெண்டு இறாலா குடுத்து அனுப்புனாரு. வெற்றி நமக்குத்தான். ஆனா அவ அதுல ஒண்ணை என் தட்டுல வச்சுட்டா, வீட்டுக்கு வந்து ரெண்டு ரொட்டியும் சுட்டா. மாவைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா: "பிள்ளைக்காம்பராவுல ஒரு பிள்ளை தட்டுல இருந்து இப்படி எடுத்திருந்தா, லயத்துச் சனமே கூடி என்னைய உண்டு இல்லைனு ஆக்கியிருக்கும்ங்க."

ரொட்டியோட குட்டி

ரெண்டாவது வருஷம் டிக்கோயா பக்கம். ஏழு தட்டு வரும்னாங்க. ஏழும் வந்துச்சு, சாப்பாடுதான் வரலை. இம்மாம் பெரிய தட்டு, நடுவுல கட்டைவிரல் அளவுல மீனு. வெயிட்டர் நின்னு அந்த மீனோட வரலாறைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது ஆறிப்போகுது. ஆறாவது தட்டுல 'தோட்டத்து ரொட்டி'னு ஒண்ணு வந்துச்சு. பிஸ்கட் அளவு. பக்கத்துல பொட்டு வச்ச மாதிரி சம்பல். புஷ்பராணி அதை உத்துப் பார்த்துட்டு, "ஏன் தம்பி, இது ரொட்டியோட குட்டியா? தாய் எங்க?"னு கேட்டுட்டா.

அந்தக் கேள்வி சமையக்கட்டுக்குப் போயிருச்சு. சமையக்காரர் கோவமா வராருனு பார்த்தா, கையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னாரு. சிங்கள மனுசன், நல்லா தமிழ் பேசுனாரு. ரொட்டியில என்ன குறைனு கேட்டாரு. இவ, மாவுல தேங்காய்ப்பூ பத்தாது, தண்ணி கூடிப்போச்சு, சட்டி சூடேறலைனு வரிசையா சொன்னா. சொன்னவ சும்மா இருந்தாளா? முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு உள்ள போயிட்டா! நான் தனியா உக்காந்து ஏழாவது தட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அரை மணி நேரத்துல வெயிட்டர், தோட்டக்காரர், காவக்காரர் எல்லாரும் கையில ரொட்டியோட நிக்கிறாங்க. எனக்குப் பெருமையாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. அவளோட கல்யாண நாளுக்கு அவளே ஆக்கிட்டு வர்றாளே! அந்தச் சமையக்காரர் மட்டும் ரொட்டியைப் பிச்சு வாயில போட்டுட்டு என்கிட்ட கேட்டாரு: "ஐயா, அப்ப இவ்வளவு வருஷமா ரொட்டினு சொல்லி நான் எதைச் சுட்டுக்கிட்டிருந்தேன்?"

கதவுக்காரர்

மூணாவது வருஷம் மறுபடி நுவரெலியா, இன்னும் பெரிய ஹோட்டல். நான் கோட்டு போட்டிருந்தேன், மகனோடது. வாசல்ல தொப்பி வச்ச ஒருத்தர் கதவைத் திறந்து, விறைப்பா ஒரு சல்யூட் வச்சாரு. உள்ள இருந்த கொழும்புக்காரங்க எல்லாம் யாரோ பெரிய ஆள்னு திரும்பிப் பார்த்தாங்க. நெஞ்சை நிமித்திக்கிட்டு ரெண்டு எட்டு வச்சேன். பின்னால இருந்து சத்தமா அதே தொப்பிக்காரர் குரல்: "அண்ணே, மகளுக்குக் காய்ச்சல், நாளைக்கு எங்க வீட்டுல வேன் நிப்பாட்ட வேணாம்!"

வரிசையா வாங்க

அங்க பஃபே. நாமளே எடுத்துப் போட்டுக்கிறது. அப்பாடா, இந்தத் தடவை யாரும் தட்டைப் பறிக்க முடியாது, அளந்து வைக்கவும் முடியாதுனு நான் சந்தோசப்பட்டேன். புஷ்பராணி சோத்துச் சட்டிக்கிட்டப் போனா. அங்க ஒரு வயசான அம்மா கரண்டியைத் தூக்க முடியாம நின்னாங்க. பாவம்னு இவ எடுத்துப் போட்டா. அடுத்து நின்னவரும் தட்டை நீட்டுனாரு. அங்க வேலை செய்யிற பொம்பளைங்களும் அரக்குச் சீலை, இவளும் அன்னைக்கு அரக்குச் சீலை. அவ்வளவுதான்.

"வரிசையா வாங்க, தள்ளக் கூடாது"னு அவ பிள்ளைக்காம்பராக் குரல் எழும்புச்சு. வெள்ளைக்காரங்க உட்பட அத்தனை பேரும் கப்சிப்னு வரிசையில வந்தாங்க. தொப்பை வச்ச ஒரு முதலாளி கீரை வேணாம்னாரு. "கீரை தின்னாத்தான் கோழி"னு சொல்லிட்டா. அவரும் வாங்கிக்கிட்டாரு! நான் போய் கையைப் பிடிச்சு இழுத்தேன், "இருங்க, இன்னும் நாலு பேர்தான்"னு தள்ளிவிட்டுட்டா. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்போ சட்டி காலி. அவளுக்குக் கிடைச்சது ஒரு கிண்ணம் வட்டிலப்பம், அந்த இனிப்பு மட்டும்தான். மேனேஜர் ஓடி வந்தாரு, திட்டத்தான் வராருனு நினைச்சேன். "அம்மா, போன வாரம் இதே வரிசையில ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க, ஞாயித்துக்கிழமையில மட்டும் நீங்க வர முடியுமா?"

இந்த வருஷம்

தலவாக்கலைக்கு மேல, கண்ணாடிச் சுவர் வச்ச ஹோட்டல். மத்தியானச் சாப்பாடு, சோறும் கறியும். ஒரு வெயிட்டர் வந்து ஒரு கரண்டி சோறு வச்சாரு. புஷ்பராணி, "போதும்"னா.

நம்ம ஆளுகளுக்குச் சொல்லவே வேணாம். நம்ம பக்கம் யாரு வீட்டுல சாப்பிட்டாலும், மொதப் 'போதும்' மரியாதைக்கு, ரெண்டாவது வெக்கத்துக்கு, மூணாவதுதான் வயித்துக்கு. மொதப் போதும்லயே கரண்டியை எடுத்துட்டுப் போனா அது அவமானம். அந்தத் தம்பிக்கு எங்க தெரியும்? தலையைக் குனிஞ்சுட்டு சட்டியோட போயிட்டாரு. இவ தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நாலு வருஷமா ஒரு பொம்பளைக்கு ஒரு நேரச் சோறு போட முடியலைனா நான் என்ன ஆம்பளை? எழும்பப் போனேன், மேசைக்கு அடியில தொடையைக் கிள்ளிட்டா.

அப்ப பக்கத்து மேசையில பரிமாறிக்கிட்டிருந்த ஒரு பொம்பளைப் பிள்ளை எங்களைத் திரும்பிப் பார்த்துச்சு. சட்டையில நிரோஷானு பேர். நேரா போய் அந்தத் தம்பி கையில இருந்த சட்டியை வாங்கிக்கிட்டு வந்து நின்னுச்சு.

"அம்மா, இன்னும் கொஞ்சம் வைக்கிறேன்."

"வேணாம்மா, போதும்."

"என்ன போதும்? காக்காய்க்கு வச்ச மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்கு வந்து இப்படிச் சாப்பிட்டா எங்கம்மா என்னையத்தான் ஏசும்."

"அய்யோ, போதும்மா!"

"வாய்தான் போதும்ங்குது. தட்டை இன்னும் இந்தப் பக்கம்தானே பிடிச்சிருக்கீங்க?"

சோறு விழுந்துச்சு. பருப்பு, மீன், கத்தரிக்காய் மோஜு, மறுபடி சோறு. அந்தப் பிள்ளை நகரவே இல்லை. புஷ்பராணி கரண்டியை ஓரமா வச்சுட்டு, கையால பிசைஞ்சு அள்ளி அள்ளிச் சாப்பிட்டா. நான் சாப்பிடலை, அவ சாப்பிடுறதையேதான் பார்த்தேன். கண்ணு கலங்கிருச்சு, சொல்ல என்ன வெக்கம்? கடைசியில அவ ரெண்டு கையையும் தட்டுக்கு மேல குடை மாதிரி விரிச்சு மறைச்சப்போதான் அந்தப் பிள்ளை சட்டியை இறக்குச்சு.

அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு ஏப்பம்! கண்ணாடிச் சுவர் அதிர்ந்த மாதிரி இருந்துச்சு. நாலு மேசை திரும்பிப் பார்த்துச்சு. இவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, முகமெல்லாம் செவந்து போயிட்டா. நிரோஷா குனிஞ்சு அவ தோள்ல கை வச்சுச் சொல்லுச்சு: "விடுங்கம்மா, இங்க எல்லாரும் நல்லா இருந்துச்சுனு வாயாலதான் சொல்லிட்டுப் போவாங்க, வயித்தால ஒருத்தர் சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்."

ஆகமொத்தம் சொந்தங்களே, நாலு வருஷம், நாலு ஹோட்டல், ஒரே ஒரு ஏப்பம். ஒரு வேன்காரனுக்கு இதுக்கு மேல என்னங்க வெற்றி வேணும்?