அட்டையில் அச்சாகாத சங்கீதம்

பிள்ளைகளே, மற்றப் பிரசங்கிமார் மாதிரி அப்பா ஏன் கதை சொல்வதில்லை, வேதத்தை நீளமாக வாசித்துவிட்டு நாலு வார்த்தையோடு ஏன் உட்கார்ந்துவிடுகிறேன் என்று கேட்டீர்கள். பேச்சு வராமல் இல்லை. ஒரு காலத்தில் நிறையவே வந்தது. அது எங்கே அலுத்துப்போனது என்று சொல்கிறேன்.

வாரமெல்லாம் காளவாசல் பெயின்ட் கடையில் நின்றுவிட்டு, ஞாயிறு உசிலம்பட்டிப் பக்கத்துச் சபைகளுக்குப் போவேன், உங்களுக்குத் தெரியும். புது வருஷ ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் குவித்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒன்று கண்ணை மூடி எடுக்க வேண்டும். அதில் அச்சாகியிருக்கும் ஒற்றை வசனம்தான் அந்த வருஷம் அந்த வீட்டுக்குக் கடவுள் சொன்னது. நீண்ட ஆயுள் தருவதாகச் சொல்லும் வசனம் ஒரு பெண்ணுக்கு வந்தது. டிவிக்கு மேலே ஒட்டி வைத்தாள். சில மாதங்களில், பருத்திக் காட்டுக்குப் போன அவள் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த பிறகு ஆறுதல் ஜெபத்துக்கு என்னை அனுப்பினார்கள். கடைவேலை அசதி உடம்பில் அப்படியே இருந்தது.

வாசலிலேயே அவள் அண்ணன் நின்றார். கிறிஸ்தவர் அல்ல, விவசாயி.

"வாங்கண்ணே. அந்த அட்டை எம்புட்டு நாளைக்கு கியாரண்டின்னு போட்டிருக்கலாம்ல?"

உள்ளே இருந்து அவள் சொன்னாள்: "அது கெடக்கு, விடுங்க. நீங்க சொல்லுங்கண்ணே, அந்த வசனம் பொய்யா? பொய்னா, இந்தப் புத்தகத்த இனிமே எங்க வீட்டுல யாரும் தொறக்க வேணாம்."

ஆறுதல் பிரசங்கம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சிரித்துக்கொண்டே துதி பாடிய கதையும் அதில் உண்டு. அவள் முகத்துக்கு நேராக அது வாயில் வரவில்லை.

"பொய் இல்லம்மா. ஆனா ஒரு வரிய மட்டும் வெட்டி எடுத்துக் குடுத்துட்டோம்" என்றேன்.

பிறகு சங்கீதம் ஒன்றைத் திறந்தேன். இரவும் பகலும் கடவுளைக் கூப்பிட்டுப் பதில் கிடைக்காத மனுஷன் ஒருவன், உன் முகத்தை ஏன் மறைக்கிறாய் என்று கேட்கிற சங்கீதம். ஆறுதல் இல்லாமல் இருட்டிலேயே முடியும். அதிலிருந்து எந்த அட்டைக்கும் வசனம் எடுக்க மாட்டார்கள். விளக்கம் சொல்லாமல் முழுவதும் வாசித்தேன்.

"இதெல்லாம் உங்க புத்தகத்துலயே இருக்கா?" என்றார் அண்ணன். "சாமிய இப்புடிச் சண்டைக்கு இழுக்கலாமா?"

"இருக்கு தம்பி."

அவள், "இன்னொரு தடவ வாசிங்க. மெதுவா" என்றாள்.

இரண்டாம் வாசிப்பின் பாதியில்தான் அழுதாள். அடக்கத்தன்றுகூட அழவில்லை என்று அண்ணன் பிற்பாடு சொன்னார். சபைக்கு வருவதாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அடுத்த வாரமும் வாசிக்க வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் செக்கானூரணிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன். அந்தச் சங்கீதத்தை, கேட்க ஒருவரும் இல்லாத அந்த இடத்தில், லாரிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கடைசி வரிவரை வாசித்தேன்.