பிறை பார்க்காமல் வாங்கிய பெர்மிட்

வானத்தில் பிறை தெரிவதற்கு ஐந்து மாதம் முன்பே நோன்புப் பெருநாளின் தேதியை முடிவு செய்துகொண்ட முட்டாள் ஷார்ஜாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முடிவு செய்ததோடு நிற்கவில்லை. அன்று தொடங்கும் விடுமுறையை நம்பி, உகாண்டா காட்டில் கொரில்லா பார்க்க இரண்டு பெர்மிட்டும் வாங்கிவிட்டேன். கொரோனா அடங்கி, விமானங்கள் ஒழுங்காகப் பறக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. ஷார்ஜாவின் முவைலா பகுதியில் குடியிருந்தேன். கோழியும் மீனும் உறையவைத்து அடுக்கியிருக்கும் ஒரு குளிர் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை.

கொரில்லா ஆசை என்னுடையதல்ல, மகளுடையது. பதினைந்து வயது நிரம்பாதவர்களை அந்தக் காட்டுக்குள் விடமாட்டார்கள். இது தெரிந்த நாளிலிருந்து, மற்ற பிள்ளைகள் டிரைவிங் லைசென்ஸுக்குக் காத்திருப்பதுபோல அவள் பதினைந்துக்குக் காத்திருந்தாள். அந்த வருடம் நிரம்பியது. அடுத்த வருடம் பரீட்சை, அதற்கடுத்து கல்லூரி, கனடா என்று அவளுக்கு வரிசையாகக் காரியங்கள் இருந்தன. போனால் அந்த வருடம் போகவேண்டும். இல்லையென்றால் அப்பாவோடு போவது என்பது இல்லை.

பெர்மிட் மட்டும் ஆளுக்கு எழுநூறு டாலர். அதற்கு ஒரு மணி நேரம் கொரில்லாவைப் பார்க்கலாம். விமானம், வண்டி, தங்குமிடம் எல்லாம் தனி. சிம்பன்சிக்கு அதில் பாதிகூட இல்லை என்று கண்டதும் எனக்குள் ஒரு விஞ்ஞானி விழித்துக்கொண்டார். பரிணாமப்படி சிம்பன்சிதான் நமக்கு நெருங்கிய சொந்தம் என்று மகளுக்கு விளக்கினேன்.

"சொந்தக்காரங்களைத்தான் வருஷா வருஷம் லீவுல போய்ப் பாக்குறோமேப்பா" என்றாள்.

மழைக்காட்டில் மலையேற முடியாதென்று மனைவி மறுத்துவிட்டதால் இரண்டு பெர்மிட்டோடு தப்பித்தேன். பாஸ்போர்ட் நகல் அனுப்பி, பணம் கட்டி, தேதி குறித்தாயிற்று. ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர்தான் என்பதால் விதிகள் கடுமை. தேதி மாற்ற முடியாது, பணம் திரும்பாது. பெருநாளன்று காலை விமானம், மறுநாள் முழுக்க வண்டிப் பயணம், மூன்றாம் நாள் கொரில்லா. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத்தான் இவ்வளவையும் கணக்கிட்டேன்.

கிடங்கில் நாங்கள் இரண்டு ஸ்டோர் கீப்பர்கள். இன்னொருவர் காயல்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி அண்ணனைக் காக்கா என்பார்கள். எனக்கும் அவர் காக்காதான். பெர்மிட்டைப் பெருமையாகக் காட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பெருநா என்னிக்குன்னு உமக்கு யாரு ஓய் சொன்னா?"

"காலண்டர்ல போட்டிருக்கே காக்கா."

"காலண்டரு சூப்பர் மார்க்கெட்டுக்காரன் அடிச்சது. பிறைய அவன் அடிக்கலியே."

சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இத்தனை வருடம் வளைகுடாவில் இருந்தவனுக்கு, நோன்பு இருபத்தொன்பதா முப்பதா என்பது இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை பார்த்தபின்தான் தெரியும் என்பது தெரியாமலில்லை. ஆனால் பணம் கட்டியவனுக்கு வானமும் ஒத்துழைக்கும் என்று ஒரு நம்பிக்கை.

எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு என் டியூட்டியை அவர் பார்ப்பார். நோன்பு முப்பதாகிவிட்டால் அந்த முப்பதாம் நாளை நான் பார்ப்பேன். பெருநாளுக்கு முந்தைய நாள் என்பதால் கடைக்காரர்கள் எல்லோரும் அன்றுதான் சரக்குக்கு முண்டியடிப்பார்கள். நோன்பு வைத்துக்கொண்டு மைனஸ் பதினெட்டு டிகிரி அறைக்குள் போய்வந்துகொண்டிருப்பது லேசான காரியமல்ல. இருவரில் ஒருவர் கட்டாயம் இருந்தாகவேண்டும் என்பதில் மேனேஜர் கறார்.

இருபத்தொன்பதாம் நோன்பு மாலை கிடங்கின் மொட்டை மாடிக்கு ஏறினேன். மேற்கே முழுக்கப் புழுதி. ஒரு நோன்புகூட வைக்காத நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பிறை தேடுவதைப் பார்த்து, லோடிங் ஆட்கள் கீழிருந்து சிரித்தார்கள். "பாய், மில்கயா?" என்று, கிடைத்துவிட்டதா என இந்தியில் ஒருவன் கத்தினான். மகள் மூன்று முறை போன் செய்தாள். பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டாளாம்.

கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. பிறை தென்படவில்லை. நாளை முப்பதாம் நோன்பு. அதாவது என் டியூட்டி. அன்று காலைதான் என் விமானமும்.

பயணத்தை ஒரு நாள் தள்ளலாமென்றால் அந்த விமானத்தில் இடமில்லை. இடம் இருந்தாலும் காட்டுக்கு நேரத்தில் போய்ச் சேரமுடியாது. மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோர் அறைக்குள் வந்தேன். காக்கா நோன்புக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"சாவியக் குடும்."

"காக்கா, நாளைக்கு உங்களுக்கு வேற வேலை ஒண்ணுமில்லையே?"

"முப்பதாம் நோம்புல எனக்கென்ன வேலை? ரூம்ல படுத்துத் தூங்குவேன். அதை இங்கன வந்து தூங்குறேன். போம், புள்ள காத்துக்கிட்டு இருக்கும்."

குளிர் கிடங்கில், அதுவும் அந்த ஒரு நாளில், யாராலும் தூங்கமுடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நம்பினேன். நமக்குச் சாதகமான பொய்யை நம்புவதற்குத் தனியாக முயற்சி எதுவும் தேவைப்படுவதில்லை.

கொரில்லாவைப் பார்த்தோம். மூன்று மணி நேரம் சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறியபின், முதுகு நரைத்த ஒரு பெரியவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலை தின்றுகொண்டிருந்தார். ஒரு குட்டி அவர்மேல் ஏறி விழுந்தது, மறுபடி ஏறியது. அவர் அசையவில்லை. எழுநூறு டாலருக்கு ஒரு தடவையாவது திரும்புவார் என்று நான் எதிர்பார்த்தேன். மகள் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான். இன்று கனடாவிலிருந்து அவள் வீடியோ காலில் பேசும்போதெல்லாம், அந்த மணிக்கட்டை நான் என்னையறியாமல் தடவிக்கொள்வதாக மனைவி சொல்கிறாள்.

திரும்பி வந்து வேலையில் சேர்ந்த அன்று, லீவு பாரத்தில் கையெழுத்துப் போட மேனேஜர் அறைக்குப் போனேன். கோப்பில் என் பாரத்துக்கு மேலே காக்காவின் பாரம் இருந்தது. முப்பதாம் நோன்பு வந்தால் அன்றிலிருந்து லீவு என்று ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, அனுமதியும் வாங்கியிருந்தார். குறுக்கே அவரே ஒரு கோடு கிழித்திருந்தார். மேனேஜர்தான் விவரம் சொன்னார். காக்காவின் மகன் சவுதியில், தம்மாமில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொரோனாவால் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. முப்பதாம் நாள் காலை பஸ்ஸில் கிளம்பி, பெருநாள் தொழுகைக்கு மகன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதுதான் திட்டம். அன்று கிடங்கை மூடியபோது கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பெருநாள் தொழுகையை முவைலாவில் முடித்துக்கொண்டு, அடுத்த பஸ் பிடித்து ராத்திரிதான் தம்மாம் போயிருக்கிறார். மறுநாள் காலை மகனுக்கு டியூட்டி.

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு, இன்னொரு மகன் அப்பா இல்லாமல் தொழுகை வரிசையில் நின்றிருக்கிறான். பெர்மிட் விதிகளை வரிக்கு வரி படித்த நான், பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் உருப்படியாக ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்றுவரை யாராவது "எனக்கென்ன வேலை, நீ போ" என்றால் உடனே கிளம்புவதில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

அன்று ஸ்டோருக்குப் போய், "ஏன் காக்கா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். அவர் பில்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொல்லியிருந்தா நீரு போயிருக்க மாட்டீரு. போகலைன்னா அந்தக் குரங்கைப் பத்தி வருஷம் பூரா என் காதுல ஓதுவீரு. போயிட்டு வந்ததால ஒரு வாரம் ஓதுறதோட போயிரும்."