தம்பியைக் கடலில் இறக்கிய நாவல்

என் தம்பி வயலின் மேதை என்று மாசி என்ற எங்கள் புறநகரில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய பெரியவர் அறிவித்தபோது அவனுக்கு ஏழு வயது. அன்றே வீட்டில் எல்லோருக்கும் தண்டனைக் காலம் தொடங்கியது. அவன் பயிற்சி செய்யும்போது தொலைக்காட்சி போடக் கூடாது, மிக்சி போடக் கூடாது, தும்மக்கூடக் கூடாது. விரல்களுக்கு ஆபத்து என்று அவனுக்குக் கிரிக்கெட்டும் கத்தியும் தடை. மீசை முளைத்த பிறகும் அம்மாதான் மாம்பழம் வெட்டிக் கொடுத்தார். எனக்கு ஒரு திறமையும் இல்லாததால் சுதந்திரமாக வளர்ந்தேன்.

பல்கலைக்கழகத்தில் இசை படித்தான். இறுதித் தேர்வுக் கச்சேரிக்கு முந்தின சனிக்கிழமை, பூங்காவில் யாரோ விளையாடிய கிரிக்கெட்டில் போய் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றான், கையுறை இல்லாமல். இடது மோதிரவிரல் முறிந்தது. அம்மா வீட்டைச் செத்தவீடாக்கினார். விரல் கோணலாகவே பொருந்தியது. தம்பி பிளம்பிங் படித்து நகரின் மறுகோடியில் இருக்கும் மனுரேவாவில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

இப்படி ஒரு கதை வீட்டுக்குள்ளேயே கிடக்கும்போது சும்மா விட நான் என்ன துறவியா? நாவல் எழுதினேன். என் நாயகன் விரலை இழந்து, மழையில் கடற்கரையில் நின்று அழுது, கடைசி அத்தியாயத்தில் கடலுக்குள் நடந்து போய்விடுவான். எழுதும்போது நானே அழுதேன்.

வெளியீட்டு விழா தேவாலய மண்டபத்தில் நடந்தது. நாவலை முன்கூட்டியே வாசித்திருந்த பெண்கள் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் இரண்டு கையிலும் மட்டன் ரோல்ஸோடு நின்றான்.

“தம்பி, கடலுக்குள்ள போன பிள்ளை எப்பிடியப்பா தப்பினனீங்கள்?” என்று ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

“எனக்கு நீச்சல் தெரியும் அன்ரி.”

விழா முடிந்து அவனுடைய வேனில் திரும்பும்போது கேட்டான்: “அக்கா, நான் எப்ப கடலைப் பாத்து அழுதனான்?”

“நாவலடா. திறமைக்கு ஒரு விலை வேணுமெல்லே.”

“விலை நான் முதலே குடுத்திட்டன். சின்னனில ஒரு பந்தைத் தொட விட்டனீங்களோ? விரல் முறிஞ்ச அண்டைக்கு ஆஸ்பத்திரியில சிரிச்சுக்கொண்டு கிடந்தனான். மருந்து தலைக்கேறிட்டுதெண்டு நர்ஸ் பயந்திட்டா.”

இது எனக்குத் தெரியாது. என் முந்நூறு பக்கத்திலும் அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

“அப்ப, வேணுமெண்டே கையுறை போடேல்லையா?”

சாலையையே பார்த்தபடி ஓட்டினான். “நல்ல பந்து, அக்கா. பிடிச்சிட்டன். ஆள் அவுட்.”

வயலினை அவன் தூக்கி எறிந்துவிடவில்லை. இப்போது சொந்தக்காரர் கலியாணங்களில் பைலா ஆட்டப் பாட்டுகளுக்கு வாசிக்கிறான். கோணல் விரலால் சில சுரங்கள் வழுக்கும். அம்மா காதைப் பொத்திக்கொண்டு கர்த்தரைக் கூப்பிடுவார். அவன் வேர்த்து வழிய இன்னும் வேகமாக வாசிப்பான். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடப் போவேன்.