உள்ளே விட்ட துணி

என் சவரக்கத்தியைச் சுற்றி வைத்திருப்பது இரண்டு விரல் அகலமுள்ள கருநீலக் கம்பளித் துண்டு. ஊர் ஊராக அலைந்ததில் பெட்டி, படுக்கை, ஒரு முறை காலில் கிடந்த செருப்புகூடத் தொலைந்திருக்கிறது. இது தொலையவில்லை.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கெங்கோ சுற்றிவிட்டு, யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, மதுரையில் ஒரு பாயின் தையற்கடையில் காஜா எடுக்கவும் இஸ்திரி போடவும் சேர்ந்தேன். அங்கேதான் திருமங்கலத்திலிருந்து ஒரு விதவைத் தாய் தன் ஒரே மகனுக்குக் கோட்டுத் தைக்க வந்தார். சீமைக்கு டாக்டர் படிப்புக்குப் போகிறவர் என்பதால் கடையில் அவருக்குக் 'கப்பல் தம்பி' என்று பெயர் விழுந்தது. "உள்ள நெறையத் துணி விடுங்க பாய். குளிர் தேசம், நல்லாத் தின்னு பெருத்து வருவான்" என்றார் தாயார். பாய்க்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. வளரும் உடம்புக்கு உள்ளே துணி விடுவதும், விட்டதை ஒருபோதும் வெட்டாததும் அவர் தொழிலில் வைத்திருந்த கண்டிப்பு. பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மா கடையில் எட்டிப்பார்ப்பார். "ஒடம்பு போட்டிருக்காம், கடுதாசி எழுதியிருக்கான். வந்ததும் தையலப் பிரிக்கணும் பாய்."

மூன்றாம் வருஷச் சித்திரையில் ஒரு பகல் நேரம், ரயிலடியிலிருந்து நேரே கடைக்கு வந்தார் கப்பல் தம்பி. அந்த வெயிலிலும் கோட்டைப் போட்டிருந்தார். அதற்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. எட்டு மாதம் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். படிப்பு பாதியில் நின்றுவிட்டது. வீட்டுக்கோ, லீவில் வருவதாகத்தான் எழுதியிருந்தார்.

"ஒடம்பு போட்டிருக்குன்னு எழுதிட்டேன் பாய். அம்மா பாக்குறதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."

"பிடிச்சா எலும்புதான் தெரியும் தம்பி. கழட்டுங்க" என்றார் பாய்.

தோளிலும் மார்பிலும் பஞ்சு வைத்தார். பஞ்சோடு உள்மடிப்பும் சேர்ந்தால் புடைத்துக்கொண்டு நிற்கும். கத்தரியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். விட்ட துணியை அவர் வெட்டி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். விழுந்த துண்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். "பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கூடப் போயிட்டு வாடா" என்று என்னை அனுப்பினார்.

திருமங்கலத்தில் வாசல் நிறையச் சொந்தக்காரர்கள். தாயார் ஓடிவந்து மகனின் இரண்டு தோள்களையும் பற்றினார். விரல்கள் பஞ்சுக்குள் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றன. மகன் தலையைக் குனிந்துகொண்டார். கையை எடுக்காமலே, அந்த அம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "எம்புட்டு ஒடம்பு போட்டுட்டான், பாத்தீகளா" என்றார்.

அடுத்த சித்திரையைக் கப்பல் தம்பி பார்க்கவில்லை. நானும் அந்தக் கடையில் நிலைக்கவில்லை.

இப்போது விற்கும் சட்டைகளை உள்பக்கம் திருப்பினால் நகக்கண் அளவுகூடத் துணி விட்டிருப்பதில்லை. சவரம் செய்ய உட்காரும்போது இந்தத் துண்டைப் பிரித்து மடியில் போட்டுக்கொள்கிறேன். மகன் பெருத்து வருவதற்கென்று ஒரு தாய் கேட்டு வாங்கிய இடம், இரண்டு விரல் அகலம்.