சீரியஸ் என்று சொல்லாமல்

மன்னார்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சிக், இல், சீரியஸ், கிரிட்டிக்கல் என்று பலகையில் எழுதி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கோடு கிழிப்பேன். சீரியஸ் என்றால் நோய் கடுமை. கிரிட்டிக்கல் என்றால் உயிர் ஊசலாடுகிறது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபோது அந்தக் கோடுகளில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

அப்பா நுரையீரலில் சளி கட்டி ஐசியூவில் கிடந்தார். "கிரிட்டிக்கல்தான். வரவேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர். வரவேண்டியவன் துபாயில் இருக்கும் என் தம்பி ஒருவன்தான்.

"சீரியஸ்னு ஒரு வார்த்தை சொல்லு, கிளம்பிடுவான்" என்றார் சித்தப்பா.

அந்த ஒரு வார்த்தைதான் என் பயம். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவனிடம் சாவைச் சாவென்று சொல்வதில்லை. தனியாக வருகிறவன் வழியில் உடைந்துபோவானே என்று 'சீரியஸ்' என்பார்கள். அம்மா போனபோது சித்தப்பா அப்படித்தான் சொன்னார். தம்பி அம்மாவுக்கென்று வாங்கிய கம்பளியோடு வந்து இறங்கினான். தெருமுனையில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கிரிட்டிக்கல்டா" என்றேன் போனில். "டாக்டர் சொன்னது அதான்."

"கிரிட்டிக்கல்னா நம்ம ஊரு சீரியஸாக்கா?"

"இல்லடா. இங்கிலீஷ்ல என்ன அர்த்தமோ அதான்."

"இங்கிலீஷ் டீச்சர்ல, நல்லாத்தான் வார்த்தைய மாத்திப் போடுற."

"காலைல மாஸ்க்க விலக்கிட்டு, வாய்க்கால்ல தண்ணி வந்துச்சான்னு கேட்டாருடா."

"அம்மா கஞ்சி குடிச்சாங்கன்னு சித்தப்பாவுந்தான் சொன்னாரு."

ஐசியூவுக்குள் கைப்பேசியை விடமாட்டார்கள். அப்பாவின் முகத்தை அவனுக்குக் காட்ட வழியில்லை. வீக், அன்வெல், ஸ்டேபிள் என்று மிச்சச் சொற்களையெல்லாம் புரட்டினேன். எதை எடுத்தாலும் அவன் காதில் அது அந்த நாற்காலிகளைத்தான் இறக்கும்.

"வர்றேன். வழியில மட்டும் போன் பண்ணாத" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் விடியலில் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது, ஆஸ்பத்திரி வாசலில் கதம்பம் வாங்கித் தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டேன்.

சித்தப்பா முறைத்தார். "அண்ணன் உள்ள கெடக்குறாரு. ஒனக்குப் பூ கேக்குதா?"

"எனக்கில்ல சித்தப்பா. அவனுக்கு."

துக்க வீட்டுப் பெண் தலையில் பூ இருக்காது. அது அவனுக்கும் தெரியும்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கூட்டத்தில் அவன் தெரிந்ததும் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். முகம் அல்ல, தலைதான் அவன் கண்ணில் முதலில் படவேண்டும். பட்டது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இருக்காரா?"

"இருக்காருடா. எந்திரி, சீக்கிரம்."

தஞ்சாவூருக்குத் திரும்பும் வழியில் செங்கிப்பட்டி தாண்டியபோது என் கைப்பேசி அடித்தது. சித்தப்பா. எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவன்தான் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க வர்றீங்க? பய சாப்புட்டானான்னு அண்ணன் கேக்குறாரு. சீக்கிரம் வாங்க."

லைன் போய்விட்டது. சித்தப்பாவின் குரலில் எந்த நடுக்கமும் இல்லை. அம்மா கஞ்சி குடித்தாள் என்றபோதும் இருக்கவில்லை.

தம்பி திரும்பி என் தலையைப் பார்த்தான். நானும் கையைத் தூக்கித் தொட்டுப்பார்த்தேன். பூ இருந்தது. ஆனால் அதை வைத்தது விடியலில்; அதற்குப் பின் நடந்தது பூவுக்குத் தெரியாது.